பழையனூரில் கொடுத்த வாக்கு

கடவுளை நம்பாதவரின் வாக்கை நம்பலாமா என்பது நாத்திகத்தின்மீது நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் ஐயம். சமயப் பொறைக்காக 1689-இல் வாதாடிய ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கே, ஆணையும் உடன்படிக்கையும் நாத்திகரைக் கட்டுப்படுத்தா என்று கருதி, அவர்களை அப்பொறையின் எல்லைக்கு வெளியே நிறுத்தினார். 1880-இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா என்னும் நாத்திகர், பிரமாணம் பற்றிய வழக்கிலும் வெளியேற்றத்திலும் அலைக்கழிந்து, 1886-இல்தான் தடையின்றி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

இவ்வையத்தை உரசிப் பார்க்க, இரத்தின சபை அமைந்த திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் கதை உதவும். சம்பந்தரின் பதிகத்திலேயே சுட்டப்படும் அக்கதையில், முற்பிறப்பில் தன்னைக் கொன்று, இப்பிறப்பில் வணிகனாயிருக்கும் கணவனைத் தேடிவரும் நீலி என்னும் பேய், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவன் என் கணவன் என்று அழுகிறாள். அவளை நம்பிய வேளாளர் எழுபதின்மர், அஞ்சிய வணிகனின் கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்களும் உயிர்விடுவதாக வாக்களிக்கின்றனர். விடியலில் அவன் பிணமாகக் கிடக்க, அவர்கள் தீயில் இறங்குகின்றனர்.

வாக்கைப் பெற்றவன் இறந்துவிட்டான். வாக்குக்குக் காரணமானவளோ பொய்யுருக் காட்டி வந்தவள். தப்பிக்க இத்தனை வழியிருந்தும் அவர்களைத் தீயை நோக்கி நடத்தியது தெய்வ அச்சமா, சொல்லின்மீது கொண்ட மானமா? ஊர்மரபு இறைவனையே அதற்குச் சாட்சியாக்கி, சாட்சி பூதேஸ்வரர் என்று வணங்குகிறது. ஆயினும் சாட்சியை நீக்கிப் பார்த்தாலும் அச்செயலின் கனம் குறைவதில்லை. எழுபது உயிர் தேவைதானா என்பது வேறு கேள்வி; தேவையில்லை என்பதே நேர்மையான விடை. தெய்வச் சாட்சி இல்லாத வாக்கையும் ஏற்று, இந்திய அரசமைப்பும் பதவியேற்போருக்குக் கடவுள்பெயரால் ஆணையிடும் வழியோடு, கடவுளைச் சுட்டாமல் ‘உளமார’ உறுதிகூறும் வழியையும் வைத்து, இரண்டுக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது. 2021-இல் மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றது இரண்டாம் வழியில்தான்.

அவ்வாறாயின் கடவுள் நம்பிக்கை ஏன் தேய்வதில்லை? சுயமரியாதை இயக்கம் 1925-இல் தோன்றிய மண்ணிலேயே ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் குறையவில்லை. 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாத இந்தியர் 0.24 விழுக்காட்டினரே. அறியாமை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளுவது சோம்பலான விடை. நீலி கொலையுண்டபோது அதைக் கண்டவர் இல்லை, வழக்கும் இல்லை. அத்தகைய கொலைக்கும் எங்கோ ஒரு கணக்கு இருக்கவேண்டும் என்னும் ஏக்கத்துக்கு மறுபிறப்பும் வினைப்பயனும் விடை சொல்கின்றன. நாத்திகமோ, அத்தகைய கணக்கு எங்கும் இல்லை, மனிதர்தாம் எழுதவேண்டும் என்கிறது. இது உண்மைக்கு நெருங்கியது. ஆனால் இழந்தவருக்கு ஆறுதல் தராதது. எழுபதின்மரைச் சைவ மரபு இன்றும் போற்றுகிறது. முதலில் கொலையுண்டவளின் பெயரோ, பொய்யழுகையைக் குறிக்கும் ‘நீலிக் கண்ணீர்’ என்னும் வழக்கில்தான் தங்கியிருக்கிறது.