கூடுதலாகக் கொடுத்த பணம்

திருத்தணியில் வாழ்கிறவர்களுக்கு வெளியூர்க் கூட்டம் புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வந்து குவிகிறவர்கள், டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி மலையேறுகிறவர்கள், நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து முடியிறக்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று ஆண்டு முழுவதும் யாரேனும் வந்தபடியே இருக்கிறார்கள். நம் திண்ணையில் அமர்கிறார்கள். நம் குழாயில் கால் கழுவுகிறார்கள். உண்ட இலையைத் தெருவில் விட்டுப் போகிறார்கள். நாமும் முணுமுணுக்கிறோம். அவர்கள் வராவிட்டால் ஊரில் பாதிக் கடைகளுக்குப் பிழைப்பில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும், நாமே ஒரு நாள் வேன் அமர்த்திக்கொண்டு வேறோர் ஊருக்குப் புறப்படும்போது, வரவேற்கும் ஊரின் மனம் எப்படிப்பட்டது என்பதை அடியோடு மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைத் திருப்பலிக்குப்பின் ஐந்து குடும்பத்தினர் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் திருத்தணி. கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு. இரண்டுமே ஆந்திர எல்லையை ஒட்டியவை. மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும், நண்டும் இறாலும் வயிறார உண்ண வேண்டும் என்பதற்குமேல் எங்களுக்கு நோக்கம் ஏதுமில்லை.

ஊரைப்பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. போர்த்துக்கீசியர் வந்து தங்கிய துறை அது. அவர்களுக்குப்பின் வந்த டச்சுக்காரர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். துணியோடு அடிமைகளையும் கப்பலேற்றிய துறை என்பதைச் சுற்றுலா வருகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கல்லறைகளின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் கீழே இறங்கச் சொன்னோம். நம் பாட்டன் கல்லறைமேல் எவரேனும் அப்படி ஏறியிருந்தால் சிரித்திருப்போமா என்பது வேறு கேள்வி.

மதிய உணவுக்கு ஏரிக்கரை வீடொன்றின் முன் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் காலையிலேயே சொல்லி வைத்திருந்தோம். அந்த வீட்டு அம்மா எங்களுக்காக மீன் ஏலத்துக்குப் போய் நண்டும் மடவை மீனும் வாங்கி வந்திருந்தார். இருபத்திரண்டு பேருக்குப் பரிமாறி முடிக்கும்வரை அவர் உட்காரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமையில்கூட ஓய்வில்லையா என்று எங்களில் ஒருவர் அனுதாபத்தோடு கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கெழமதாம்மா எங்களுக்குப் பொழப்பே. நீங்கல்லாம் லீவு வுட்டாத்தான எங்களுக்கு வேல" என்றார்.

நாங்கள் அனைவரும் காலையில் திருப்பலி கண்டு வந்தவர்கள். ஓய்வு நாளைப்பற்றிய பழைய கட்டளையைச் சற்று நிதானித்துப் படித்தால் ஒன்று புலப்படும். அது வீட்டுத் தலைவனின் ஓய்வோடு நின்றுவிடுவதில்லை. வேலைக்காரனையும், கால்நடையையும், வாசலுக்குள் தங்கும் அந்நியனையும் சேர்த்தே பேசுகிறது. ஒருவர் ஓய்வெடுக்க மற்றொருவர் உழைத்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டை அது ஒப்புவதாகத் தெரியவில்லை. அதற்காக நாம் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த அம்மாவின் அடுப்பு எரியப்போவதுமில்லை. ஆகவே போவதா வேண்டாமா என்பதில் பெரிய சிக்கல் இருப்பதாக எங்களுக்குப் படவில்லை. சிக்கல் மாலையில்தான் வந்தது.

2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று, எங்களைப் போலவே குடும்பமாக இன்பச் சுற்றுலா வந்து பழவேற்காட்டில் படகேறியவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அதன்பின் அங்கே படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. நாங்கள் சென்ற அன்றும் கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதை நாங்கள் எல்லாரும் படித்தோம். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினோம்.

ஆனால் தூரத்தில் பூநாரைகள் கூட்டமாகத் தெரிந்தன. கரையிலிருந்து பார்த்தால் வெண்மையாக ஒரு கோடு, அவ்வளவுதான். அருகே போக வேண்டுமென்று பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம் எங்கள் இளைஞர்கள் போய்க் கேட்டார்கள். அவர் முகத்தை நிமிர்த்தாமலே "வேணாம் சார், புடிப்பாங்க" என்றார். தொகையை இரட்டிப்பாக்கினார்கள். மறுபடியும் மறுத்தார். மூன்றாம் முறை இன்னும் சற்றுக் கூட்டிச் சொன்னபோது, அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு இருபுறமும் பார்த்தார். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தைக் காட்டி அங்கே வரச் சொன்னார். பன்னிரண்டு பேர் ஏறினார்கள். மிதவைச் சட்டை ஒன்றுகூட இல்லை.

எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏற மறுத்துக் கரையிலேயே நின்றுவிட்டார். ஒரு மணி நேரத்தில் படகு பத்திரமாகத் திரும்பியது. பிள்ளைகள் பறவைகளைக் கண்ட பூரிப்பில் இருந்தார்கள். பேசியபடி பணம் கொடுத்தோம். நடந்தது அவ்வளவே, எந்தத் தீங்கும் நேரவில்லை.

திரும்பும் வழியில், வேன் பொன்னேரியைத் தாண்டியதும் ஆசிரியை கேட்டார்: "முதலில் அவர் வேண்டாம் என்றாரே, அதை ஏன் மூன்று முறை கேட்டீர்கள்?" இளைஞர்களிடம் விடை தயாராக இருந்தது. அவர் வயது வந்தவர், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நியாயத்துக்கு மேலேயே பணம் கொடுத்தோம், அவருக்கும் அது உதவிதான். கேட்பதற்கு இது முறையான வாதம். கொடுத்தவர், பெற்றவர் இருவரும் மனமொத்துச் செய்த ஒன்றில் குற்றம் எங்கிருந்து வரும்?

நாங்கள் இதைப் பலநாள் மனத்தில் புரட்டிப் பார்த்தோம். அவர் இணங்கினார் என்பது உண்மை. ஆனால் எதற்கு இணங்கினார்? காவலர் வந்திருந்தால் பறிபோவது அவர் படகு. நம்மை இரண்டு வார்த்தை கடிந்து அனுப்பியிருப்பார்கள். படகு கவிழ்ந்திருந்தாலோ, மறுநாள் பேராசை என்ற சொல் அவர் தலையில் விழுந்திருக்கும். நமக்கு அப்பாவிகள் என்ற சொல் கிடைத்திருக்கும். ஒரே படகில் ஏறினோம் என்றாலும் ஒரே அளவு ஆபத்தில் ஏறவில்லை. விலையைக் கூட்டக் கூட்ட நாம் அவருடைய உழைப்பை வாங்கவில்லை, அவருடைய மறுப்பை வாங்கினோம். மறுக்கும் வசதி இல்லாதவனிடம் மூன்றாம் முறை கேட்பது வெறும் கேள்வியாகுமா? பிறருக்கு இடறலாக இருப்பதைப்பற்றி மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பெரிய மனிதர்களின் தீய முன்மாதிரியையே அது குறிக்கும் என்று எண்ணியிருந்தோமே தவிர, நம் சட்டைப் பையில் இருக்கும் நோட்டையும் குறிக்கும் என்று எண்ணியதில்லை.

பதைப்பைக் கூட்டிய செய்தி ஒன்று உண்டு. கொட்டகையில் நாங்கள் உண்டுகொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் மாமனார் 'பாடு' முறையைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் வலை கட்டும் இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது நெடுநாளைய வழக்கம். இன்று இந்த இடம் யாருடைய முறையோ அவர்தாம் அங்கே வலை வைக்கலாம். கண்ணெதிரே இறால் துள்ளினாலும் முறையில்லாதவர் கைவைக்க மாட்டார். ஏரி எல்லாருக்கும் சோறு போட வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவரும் தமக்குத்தாமே வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளப் பழகிய சமுதாயம் அது. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களிலும் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். அன்றைய வருவாயை விட்டுக் கரையில் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கதையைக் கேட்டு வியந்து, இன்னும் இரண்டு வறுவல் கொண்டுவரச் சொல்லி உண்டவர்கள்தாம், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அங்கே ஒருவர் சொன்ன வேண்டாம் என்ற சொல்லுக்கு விலை பேசினோம்.

விபத்து நேராததால் இதை மறந்துவிடலாம் என்பது எங்களுள் சிலருடைய கருத்து. எங்களால் அதை ஏற்க இயலவில்லை. அன்று காற்று அடங்கியிருந்தது. காற்றை அடக்கியவர்கள் நாங்கள் அல்லர். 2011-இல் படகேறிய குடும்பங்களும் எங்களைவிட எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களும் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டவே வந்தார்கள்.

இந்தத் தை மாதமும் பழவேற்காட்டுக்கே போகலாமென்று பேச்சு எழுந்திருக்கிறது. கொட்டகை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. முன்கூட்டியே ஆள் கணக்குக் கேட்டார். அன்று அழுத பிள்ளைகளில் ஒருவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன முறை போலப் படகு உண்டா என்று கேட்டான். அவனுக்கு என்ன சொல்வதென்று பெரியவர்கள் இன்னும் தங்களுக்குள் பேசி முடிக்கவில்லை. ஆசிரியை மட்டும், தாம் வருவதாயிருந்தால் அந்த மீனவரை முதலில் தேடிக் காண வேண்டும் என்கிறார்.