நாலு வசனம் தள்ளி

எங்கள் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் 'ஏன் இந்தச் சாதி?' என்று கேட்டால், பெரியவர்கள் சாஸ்திரத்தைக் கை காட்டிவிடுவார்கள். 'அப்ப வேதத்தை மாத்திக்கிட்டா சாதி போயிடுமே!' என்று உங்களுக்குத் தோன்றலாம். பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

வள்ளியூர் தாண்டி வடக்கன்குளம். 1872-ல் அங்கே கட்டிய கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி பிரிந்து நின்று, பலிபீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வெள்ளாளர் முதலானவர்கள், இன்னொன்றில் நாடார்கள். நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்! 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் சுவரை இடித்தார்கள். சும்மா விடுவார்களா? 'எங்க சுவரைத் திருப்பிக் கட்டு' என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

சுவர் வைக்கச் சொல்லி பைபிளில் எங்கேயும் இல்லை. அதனால் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். 'சாதி என்பது உலக மரியாதை, மதத்தில் சேர்ந்ததில்லை.' அதாவது, வேதத்தைப் பார்த்தே 'இது உன் விஷயமில்லை, நீ வெளியே நில்லு' என்பது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காலத்து வாதம் இது. அவர் நோக்கம் வேறு, ஆனால் பிடித்துக்கொண்டவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் இன்னும் துணிச்சல்காரன். மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சடித்தான். மோசே தன் ஜனங்களை எகிப்திலிருந்து விடுவித்த கதை அதில் இல்லை. அடிமை, சுயாதீனன் என்ற பேதம் கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதும் இல்லை. அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது. பாருங்கள், எந்தப் பக்கம் தனக்கு ஆபத்து என்று கத்தரித்தவனுக்கு எவ்வளவு துல்லியமாகப் புரிந்திருக்கிறது! பக்தனைவிட நன்றாகப் படித்தவன் அவன்தான்.

அந்த எபேசியர் ஆறாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைக்குச் சொன்னது ஐந்தாம் வசனம். நாலு வசனம் தள்ளி, ஒன்பதாவதில் எஜமானனுக்கும் இருக்கிறது: மிரட்டாதே, உனக்கும் மேலே ஒரு எஜமான் உண்டு, அவரிடம் பட்சபாதம் கிடையாது என்று. ஐந்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவரிடம் ஒன்பதைக் கேட்டுப் பாருங்களேன். அவசரமாக வேலை வந்துவிடும்.

வடக்கன்குளத்தில் சுவர் விழுந்து நூறு வருஷம் கழித்து, 2010 வாக்கில் திருச்சி மேலப்புதூரில் இன்னொரு சுவருக்காகப் போராட்டம் நடந்தது. அது இருந்தது கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில். செத்தவர்களைப் பிரிக்க எந்த வசனத்தை வாசித்தார்களோ?