பாஸ்கஹ்: ஒரு பெயரின் கிரகணம்

ஓர் இனத்தை அது தன்னை அழைத்துக்கொள்ளாத பெயரால் அழைப்பது அத்துமீறலா? ஆம் என்று சொல்லிவிடுவது இப்போது சுலபமாகிவிட்டது. பாஸ்க் மனிதனுக்கு ஐரிஷ் மொழியில் உள்ள சொல்லை வைத்துப் பார்க்கையில் அந்தச் சுலபம் நிற்பதில்லை.

ஸ்பெயினும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்ட பிரெனீ மலையோரத்தவன் ஐரிஷில் 'பாஸ்கஹ்'. ரோமானியர் 'வாஸ்கோன்' குடிக்கு வழங்கிய லத்தீன் பெயர்தான் வேர். அவன் வாயில் பிறந்ததல்ல. பன்மையில் 'பாஸ்கீ', ஒருமையின் ஆறாம் வேற்றுமையும் அதே உருவம். முகம் பார்த்து விளிக்கும்போது முதலெழுத்தே மெலிந்து 'அ வாஸ்கீ'. பாஸ்க் மக்களின் நாடு 'தீர் ந மாஸ்கஹ்': மகரம் முன்னால் வந்து பகரத்தை விழுங்கிவிடுகிறது. ஆனால் எழுதும்போது பகரம் அழிக்கப்படுவதில்லை. சிற்றெழுத்து மகரத்துக்குப் பின்னால் பேரெழுத்தாகவே, ஒலியற்று, நின்றுகொண்டிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு இலக்கணத்தில் 'உரூ' என்று பெயர். சூரிய கிரகணத்துக்கும் அதே சொல்தான். (நம் வேற்றுமைகள் சொல்லின் வாலைப் பிடிப்பதோடு சரி, ஐரிஷ் தலையையும் விடுவதில்லை.)

இதை ஆக்கிரமிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தச் சொற்களுக்கு நேர்வதுதான் இதற்கும் நேர்கிறது. வேற்றுமை ஏற்காமல் விறைத்து நிற்கும் அந்நியச் சொல்தான் திண்ணையோடு நிறுத்தப்பட்ட விருந்தாளி. மேலும், 'கேல்' என்று ஐரிஷ்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதே பழைய வேல்ஷ் மொழியிலிருந்து, அதாவது பக்கத்து வீட்டான் வைத்த பெயரிலிருந்து, வந்தது.

உறுத்துவது வேறு. பாஸ்க் மொழியில் பாஸ்க்காரன் 'எவுஸ்கல்துன்': எவுஸ்கரா மொழியை உடையவன். மொழி போனால் பெயரும் போயிற்று. ஐரிஷோ ஆளை 'பாஸ்கஹ்' என்றும் மொழியை 'பாஸ்கிஷ்' என்றும் பிரித்து வைக்கிறது. பிராங்கோ ஆட்சியில் (1939-75) பள்ளியிலிருந்தும் பொது வாழ்விலிருந்தும் துரத்தப்பட்ட எவுஸ்கராவை வீட்டிலும் கேட்காமல் வளர்ந்தவன் ஒருவன் இருந்தால், அவன் முன்னோரின் மொழி தர மறுக்கும் பெயரை இந்த இரவல் சொல் தருகிறது. கருணைதான். ஆனால் எதையும் கேட்காத கருணை. 'எவுஸ்கல்துன்' ஒவ்வொரு முறையும் கேட்கிறது, உன்னிடம் அது இருக்கிறதா என்று.

அயர்லாந்து இந்தச் சலுகையைத் தனக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 'ஏரனஹ்', அயர்லாந்துக்காரன், ஆவதற்கு மொழி நிபந்தனையில்லை. 2022 குடிக்கணக்கில் ஐரிஷ் பேச வரும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம். கல்விக்கூடத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்கள் 71,968.