கல்லுக்குள் தேரையும் கண்ணாடித் தொட்டியும்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஈசன் படியளக்கிறான் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளாத தமிழர் அரியர். கருங்கல்லை உடைத்தே பல குடும்பங்கள் பிழைத்த பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளில், கல்குவாரிப் பள்ளங்கள் மழைநீரால் நிறைந்து தவளைகள் இரவெல்லாம் கத்தும் ஐப்பசி மாதத்தில், அந்த வசனத்தை நம்புவது ஒன்றும் கடினமன்று. ஆயினும், ஈசனுடைய படி அவன் சிருஷ்டித்த கல்லுக்குள் வாழும் ஜீவனுக்கு மட்டுமா, மனிதன் தன் கையால் மூடி வைத்த பெட்டிக்குள் கிடக்கும் ஜீவனுக்குமா என்று கேட்டால், பண்டிதரும் சற்றுத் தயங்குவார்.

இதைப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் உண்டு. அம்பிகை ஓர் எறும்பைச் சிமிழில் அடைத்து வைத்து, பின்பு திறந்து பார்த்தபோது உள்ளே அரிசிமணி கிடந்தது என்பது கதை. மதுரையில் மார்கழி அஷ்டமிச் சப்பரத்தன்று வீதிகளில் அரிசி தூவுவது இந்த லீலையை முன்னிட்டே. ஆக்ஸ்போர்டில் பாதிரியாராகவும் புவியியல் அறிஞராகவும் விளங்கிய வில்லியம் பக்லண்டோ, 1825ஆம் ஆண்டில், சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும் மணற்கல்லில் 12 குழிகளும் குடைந்து, குழிக்கு ஒன்றாக 24 தேரைகளை இட்டுக் கண்ணாடியால் மூடி, தம் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை யாவும் மாண்டிருந்தன. நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகள் பல உயிரோடிருந்தன. அவற்றுள் எடை கூடியிருந்த ஒன்றின் கண்ணாடி விரிசல் கண்டிருந்தது! மீண்டும் புதைத்த பின், இரண்டாம் ஆண்டில் அவையும் இறந்தொழிந்தன.

இதைக் காட்டி நம் முன்னோரின் நம்பிக்கையை நகைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இயற்கை அடைத்த அறையில் எங்கோ ஒரு துளை இருக்கிறது, அதன் வழியே ஈரமும் பூச்சியும் வந்து சேர்கின்றன. அத்துளையைக் கருணை என்று சொல்வதில் பிழையென்ன? துளையின்றி மூடத் தெரிந்தவன் மனிதன் ஒருவனே. ஆகவே மூடியவனே படியளக்கவும் கடமைப்பட்டவன்.

வண்ணமீன் கடைகளில் விற்கும் வெள்ளைத் தவளையை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட இந்த நகத்தவளைக்கு நாக்கு கிடையாது. இரையைக் கண்டதும் முன்கை இரண்டாலும் அள்ளி அள்ளி வாயில் திணித்துக்கொள்ளும் காட்சி, பந்தியில் பசியோடு அமர்ந்த சிறுவனை நினைவூட்டும். இதை உள்ளங்கையளவுக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மேசைமேல் வைப்பது பாபம் என்றே சொல்வேன். அகன்ற தொட்டியும், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியும், எகிறி விழாதபடி வலைமூடியும் அதற்கு வேண்டும். வாயில் அடங்கும் கூழாங்கல்லை விழுங்கிவிடுமாதலால் அதைத் தொட்டியில் இடலாகாது. தவளையின் தோல் நீரில் கரைந்ததையெல்லாம் உறிஞ்சுவதால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் தகாது. எல்லாவற்றையும்விடக் கடினமானது வெப்பம்: 20 பாகையை ஒட்டிய குளிர்ந்த நீரில் வாழும் பிராணிக்கு, சித்திரை வெயிலில் குரோம்பேட்டை மாடிவீடு ஒரு நரகமன்றி வேறென்ன?

சலித்துப்போனால் புண்ணியமாகச் சிட்லபாக்கம் ஏரியிலோ செம்பாக்கம் ஏரியிலோ விட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அந்நிய நாடுகள் பலவற்றில் இவ்வாறு புகுந்த நகத்தவளை, அங்கே பெருகி உள்ளூர் உயிர்களைத் தின்றிருக்கிறது. பிற தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சையைத் தான் நோயுறாமலே சுமக்கவும் வல்லது. ஒன்றுக்கு விடுதலை தருவதாக நினைத்து ஏரித் தவளைகள் அனைத்துக்கும் யமனை அனுப்பும் காரியம் ஜீவகாருண்யத்தில் சேராது. பேணி வளர்த்தால் இப்பிராணி 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்; முதல் வகுப்பில் படிக்கும் மகள் அழுதாள் என்று வாங்கிக் கொடுக்கும் தகப்பனார், அவள் கல்லூரிப் படிப்பு முடித்து வேலைக்கென்று வெளியூர் போன பின்னரும் அந்தத் தொட்டிக்குத் தாமே தண்ணீர் மாற்றச் சித்தமா என்பதைக் கடை வாசலிலேயே யோசித்துக்கொள்வது நன்று.