ஆவூர்ப் பீடத்துத் திராட்சை இரசம்

ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின் பெரும்பாலும் டெம்ப்ரனில்லோ என்னும் கருந்திராட்சையிலிருந்து வருவது. ‘ரெசர்வா’ என்ற முத்திரை பெற அது மூன்றாண்டு முதிர வேண்டும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். நாக்கை இறுக்கும் துவர்ப்பு அதன் அடையாளம். அந்தத் துவர்ப்பு எச்சிலின் புரதத்தோடு பிணைவதால் வாய் உலர்கிறது. ஆட்டிறைச்சியின் கொழுப்பும் புரதமும் அதைத் தணிக்கின்றன. காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்துச் சுட்ட குட்டியாட்டு விலாவோடு அங்கே அதை அருந்துவது வெறும் பழக்கமல்ல. சாப்பாட்டு மேசையில் ஒயின் என்றாலே அதன் பண்புகள்தான். கத்தோலிக்கத் திருப்பலிப் பீடத்தில் அதே பண்புகள் தத்துவச் சிக்கலாகின்றன.

குருவானவர் வசனம் சொன்னதும் அப்பத்தின், இரசத்தின் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகிறது, தோற்றம் மட்டும் எஞ்சுகிறது என்று 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. நிறமும் மணமும் சுவையும் அப்படியே இருக்கும். அவற்றைத் தாங்கிய பொருள் இராது.

நற்கருணை பற்றிய இந்தக் கோட்பாடு புதுக்கோட்டைச் சீமைக்கு வந்த வழிகளுள் ஒன்று ஆவூர். 1697-இல் சேசு சபையைச் சேர்ந்த வெனான்சியுஸ் புஷே அங்கே ஓர் ஆலயம் எழுப்பினார். இப்போதுள்ள பெரியநாயகி மாதா ஆலயம் 1747-இல் கட்டப்பட்டது. அவர் சார்ந்த மதுரை மிஷன் குருக்கள் காவி உடுத்தி, புலாலும் மதுவும் நீக்கி, துறவிகளாக வாழ்ந்தவர்கள். உணவில் விலக்கியதைப் பூசையில் மட்டும் அவர்கள் பருகியாக வேண்டும். அந்நாளில் இறைமக்களுக்கு அப்பம் மட்டுமே தரப்பட்டதால், இரசத்தின் சுவையை அறிந்தவர் குரு ஒருவரே.

சோற்றையும் பனங்கள்ளையும் வைத்துப் பூசை செய்ய முடியாதா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். கோதுமையும் திராட்சையும் விளையாத நாடுகளைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டிலேயே தோமாஸ் அக்குவினாஸ் யோசித்திருந்தார். பூசைக்குத் தேவையான சிறு அளவை எங்கும் கொண்டு சேர்க்கலாம் என்பது அவர் விடை. அது போக்குவரத்துக்குப் பதில் சொல்கிறது, பண்பாட்டுக்குச் சொல்லவில்லை. 1983-இன் திருச்சபைச் சட்டமும் திராட்சைக் கனியின் இயற்கையான, கெடாத இரசத்தையே கேட்கிறது.

பொருளையும் குணத்தையும் பற்றி இம்மண்ணில் வேறொரு பார்வையும் உண்டு. இதே புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஆவூர் ஆலயத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமணத் துறவிகள் கற்படுக்கைகளில் தவம் கிடந்தனர். தத்துவார்த்த சூத்திரம் வகுத்த சமணக் கொள்கைப்படி குணங்கள் திரவியத்தை, அதாவது பொருளை, சார்ந்தே இருக்கும், தனியே நிற்கா. திரவியம் நிலைத்திருக்க, அதன் பரியாயங்கள், அதாவது மாறும் நிலைகள், தோன்றி மறையும். நற்கருணைக் கோட்பாடு இதற்கு நேர் தலைகீழ்: அதில் உட்பொருள் மாறுகிறது, புறத்தோற்றம் நிலைக்கிறது. நியாய வைசேடிகரும் குணத்துக்குத் திரவியமே ஆதாரம் என்பார்கள். அரிஸ்டாட்டிலும் இந்தப் பக்கமே நிற்பார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய சொற்களை எடுத்துத்தான் அக்குவினாஸ் தம் விளக்கத்தைக் கட்டினார்.

பொருளின்றிப் பண்பு நிற்காது என்ற எதிர்ப்பை அக்குவினாஸ் மறைக்கவில்லை. அவர் விடை இது: எல்லாவற்றுக்கும் முதற்காரணம் இறைவன். பொருளின் வழியாகப் பண்பைத் தாங்குகிறவர் பொருள் இன்றியும் தாங்க வல்லவர். மேலும், நிறமும் சுவையும் அந்தரத்தில் தொங்குவதில்லை, பரிமாணம் என்னும் அளவைப் பற்றியே நிற்கின்றன. பின்னாளில் ஸ்பானிய சேசு சபைத் தத்துவவாதி பிரான்சிஸ்கோ சுவாரெஸ், பொருளில் உறைவதற்கான தகுதியே பண்பின் இலக்கணம், உண்மையில் உறைந்திருப்பது அல்ல என்றார். சமணர் இதை ஏற்கமாட்டார்: குணத்தைத் தனியே தாங்க அவருக்கு ஓர் இறைவன் இல்லை.

ஆனாலும் பண்புகள் வெறும் ஓடாகிவிடவில்லை. இரசம் காடியாகும் அளவுக்குக் கெட்டால் கிறிஸ்துவின் பிரசன்னமும் அதில் நீங்கும் என்கிறார் அக்குவினாஸ். ஆக, உட்பொருள் எதுவாயினும், அது அங்கே தங்கும் காலத்தை முடிவு செய்வது நாக்கும் மூக்கும் அறியும் குணமே. இரசம் கெடாமல் காப்பதற்கும் இதனால் விதி தேவைப்பட்டது: திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்க்கலாம், மொத்தம் 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1896-இல் ரோமைத் திருப்பேராயம் அனுமதித்தது. துவர்ப்பு, இனிப்பு, நிறம் ஆகியவற்றில் சட்டம் தலையிடுவதில்லை. இரத்தத்தை நினைவூட்டும் சிவப்பைச் சிலர் விரும்ப, துகிலில் கறை படியாதென்று வெள்ளை இரசத்தை எடுப்போரும் உண்டு.