ஆயிரம் மாணவிகளின் ஆசிரியை

ஆசிரியையைத் தாய் என்று அழைப்பது மரியாதையா, அல்லது அவருடைய உழைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் வழியா? திருவண்ணாமலையில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. எலிசா அக்னியூவின் வாழ்க்கையைப் படித்தபோது அது இன்னும் கூர்மையானது.

1807இல் நியூயார்க்கில் பிறந்தவர் அக்னியூ. அமெரிக்காவில் பெண்களுக்கான செமினரிகள் தோன்றிய காலம் அது. எம்மா வில்லார்டு 1821இல் டிராய் நகரிலும், மேரி லயன் 1837இல் மவுண்ட் ஹோலியோக்கிலும் அவற்றைத் தொடங்கினார்கள். இதே காலத்தில், 1824இல், அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் திறந்தது. 1840இல் அங்கே வந்த அக்னியூ 1879 வரை அதை நடத்தினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1883இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்கள் அவரிடம் படித்தார்கள். அதனால் கிடைத்த பட்டம், 'ஆயிரம் மகள்களின் தாய்'.

இந்தப் பட்டத்தில் எனக்கு இரண்டு சங்கடங்கள்.

முதலாவது, அது மறைத்துவிடும் உண்மை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த ஆண்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்பது உடுவில் பள்ளியின் நோக்கங்களில் ஒன்று. படித்து முடித்து மணமாகும் பெண்களுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய பெற்றோரை இணங்கவைக்க அது உதவியிருக்கும். ஆனால் படிப்பின் முடிவு கல்யாணம்தான் என்றும் அது சொல்லிவிடுகிறது. அதே பள்ளியை நடத்தியவரோ, கணவன் இல்லாமல், தன் வேலையைக் கொண்டே வாழ்ந்த பெண். அப்படியும் ஒரு பெண் வாழ முடியும் என்ற பாடம் அந்தப் பிள்ளைகளின் கண்முன் தினமும் நடமாடியது. தாய் என்ற சொல் அவரை மறுபடியும் குடும்பத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

எங்கள் ஊர் அம்மனின் பெயர் உண்ணாமுலையம்மன். பிள்ளை உண்ணாத முலையை உடையவளும் அம்மன்தான். பெற்றுப் பாலூட்டினால்தான் பெண்ணுக்குப் பெருமை என்பதை இந்தப் பெயர் ஒருபக்கம் மறுக்கிறது. மறுபக்கம், தாய் என்று சொல்லாமல் ஒரு பெண்ணைக் கும்பிட நமக்குத் தெரியவில்லையோ என்றும் கேட்க வைக்கிறது.

இரண்டாவது சங்கடம், அந்தச் சொல்லுக்குள் இருக்கும் அதிகாரம். தாய்க்குச் சம்பளம் கிடையாது. முன்பு ஒரு தனியார் பள்ளியில் ஊதிய உயர்வு கேட்டபோது, "பிள்ளைகளுக்குத் தாய் மாதிரி இருக்கிறவங்க காசு பேசலாமா?" என்றார்கள். அந்த ஒரு வரியில் எங்கள் வாய் அடைபட்டது. மாணவிக்கும் இதே கதிதான். மகள் என்றால் பெற்ற கடன் உண்டு. படிப்பு வேண்டும், மதம் வேண்டாம் என்று நினைத்த ஒரு பெண் உடுவிலில் அதைத் தன் 'தாயிடம்' எப்படிச் சொல்லியிருப்பாள்? மாணவி மறுத்தால் அது கருத்து. மகள் மறுத்தால் நன்றிகெட்டதனம்.

அன்பு பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. காய்ச்சலில் கிடக்கும் விடுதிப் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் உட்காரும் ஆசிரியைகளை நான் அறிவேன். அதுவும் அவர்கள் வேலையின் பகுதி, கடினமான பகுதி. ஆகவே அதையும் வேலையாக எண்ண வேண்டும் என்கிறேன். அன்பைக் காரணம் காட்டிக் கூலியையும் கேள்வியையும் பறிப்பதுதான் தவறு.

39 ஆண்டுகள் ஒரு பள்ளியை நடத்திய பெண்ணுக்கு அந்த வேலையின் பெயரே போதுமான பெருமை. என் மாணவிகள் என்னை 'மிஸ்' என்று கூப்பிட்டால் போதும். பாடம் புரியவில்லை என்றும், நான் சொன்னது சரியில்லை என்றும் மிஸ்ஸிடம் சொல்லலாம்.