மாறினால் விட்டுவிடுவோமா?

முகநூலில் ஒருவர் ஆட்சியைப் பாராட்டி நாலு வரி எழுதுகிறார். உடனே முதல் பின்னூட்டம்: "இருநூறு ரூபாய் வந்துடுச்சா?" அவர் பதிலுக்கு "சங்கி" என்கிறார். மூன்றாமவர் வந்து இருவரையும் "தற்குறி" என்று திட்டிவிட்டுப் போகிறார். விடிய விடிய இதுதான். இதைப் பார்த்துச் சலித்தவர்கள், வாதம் செய்து யாரையும் மாற்ற முடியாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2018-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அவர்கள் பக்கம் நிற்பதுபோலத்தான் தெரியும். ட்விட்டரில் இருந்த இரு கட்சி ஆதரவாளர்களுக்கும் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புப் பதிவுகளை ஒரு மாதம் படிக்க வைத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் பழைய நிலையிலேயே இன்னும் இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் இதில் யாரும் யாரோடும் பேசவில்லையே!

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பரைப் பாருங்கள். கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் தாத்தா தொடங்கிய வெஸ்ட்பரோ கிறித்தவச் சபையில் வளர்ந்தவர். ஐந்து வயதிலேயே வெறுப்புப் பதாகை பிடித்து மறியலில் நின்றவர். 2009-ல் சபையின் குரலாக ட்விட்டருக்கு வந்தார். எருசலேமில் வாழ்ந்த டேவிட் அபிட்போல் என்ற யூதர் அவரோடு மல்லுக்கு நின்றார். முதலில் நையாண்டி, பிறகு கேள்விகள். ஓரினச் சேர்க்கையாளர்களைக் கொல்லச் சொல்கிறீர்களே, கொன்றுவிட்டால் அவர்கள் மனந்திரும்புவது எப்படி? முதல் கல்லை யார் எறியலாம் என்று இயேசு சொன்னது என்ன ஆயிற்று? மேகனின் வேதத்தைக் கொண்டே கேட்ட கேள்விகள். பதில் கிடைக்கவில்லை. ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு மரணம் கேட்ட பதாகையைப் பிடிப்பதை மட்டும் மேகன் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார். நேரில் சந்தித்தபோது அபிட்போல் எருசலேமிலிருந்து இனிப்பு கொண்டுவந்தார். மேகனும் அவருக்குச் சாக்லேட் கொடுத்தார், கையில் 'கடவுள் யூதர்களை வெறுக்கிறார்' பதாகையோடு! 2012 நவம்பரில் தங்கையுடன் சபையைவிட்டு வெளியேறினார். பெற்றோர் உறவு அறுந்தது. முன்பு மேகன் மறியல் செய்த யூத விழாவிலேயே பேச வரும்படி அபிட்போல் அவரை அழைத்தார்.

நாம் செய்யாதது இந்தக் கடைசி வேலையைத்தான். நம்மூரில் ஒருவர் "இதுவரை நான் நினைத்தது தவறு" என்று எழுதிப் பார்க்கட்டும். அவருடைய 2014 பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை யாராவது தேடி எடுத்துவிடுவார்கள். எவ்வளவுக்கு விலைபோனாய் என்று கேட்பார்கள். பழைய அணிக்கு அவர் துரோகி, புது அணிக்குச் சந்தேகப் பேர்வழி. இந்த மரியாதை தெரிந்தபின் எவர் வெளியே சொல்வார்? உள்ளுக்குள் மாறியவர் வாயை மூடிக்கொள்கிறார். நாமோ ஒருவரும் மாறவில்லை என்று கணக்கெழுதுகிறோம்.

பகுத்தறிவாளர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. பெரியார் 1925 வரை காங்கிரஸ்காரர். 1967 தேர்தலில் தி.மு.க.வை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர், வென்ற அண்ணா திருச்சிக்கே வந்து பார்த்தபின் அந்த ஆட்சிக்கு ஆதரவாக நின்றார். அண்ணா 1963-ல், பிரிவினைத் தடைச் சட்டத்திருத்தம் வந்த ஆண்டில், திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். இவற்றை முதிர்ச்சி என்கிறோம். சரிதான். நாத்திக மேடையிலிருந்து கிளம்பி 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதப் போனாரே கண்ணதாசன், அது மட்டும் எப்படிச் சறுக்கல் ஆனது? அவர் போன திசை நமக்குப் பிடிக்கவில்லை என்பது தவிர வேறு காரணம் இருந்தால் காட்டுங்கள். அவர் சேர்ந்த முடிவோடு சண்டை போடலாம், எனக்கே அவரோடு நிறையச் சண்டை இருக்கிறது. மாறியதையே குற்றப்பத்திரிகையில் சேர்ப்பவர், நாளைக் காலை எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்தரிடம் போய் "கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்" என்பார்?